புதுப்பிப்பு: 8×42 பைனாகுலர் வாங்கிவிட்டேன்

பறவை பார்க்க 8×42 பைனாகுலர் நல்லதா, 10×42 நல்லதா என்று போன மாதம் கேட்டிருந்தேன் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் வில்லையின் விட்டம் மி.மீ.-இல்). பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, 8×42 வாங்கியாயிற்று.

நேற்று விடியற்காலை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் நண்பரின் 10×42-ஐயும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதில் நீலத் தாழைக்கோழியின் சிவந்த நெற்றி பெரிதாகத் தெரிந்தது உண்மைதான். கூடவே கை நடுக்கமும் பெரிதாகிறது. கோரைக்குள் புகுந்த கதிர்க்குருவியை அதில் தேடிப் பிடிப்பதற்குள் பறந்துவிட்டது; எட்டில் தெரியும் பரப்பு அகலம், சட்டென்று சிக்கியது. மங்கலான வெளிச்சத்திலும் எட்டுதான் தெளிவு. 42-ஐ எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., பத்தால் வகுத்தால் 4.2 தான்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வளையத்தை (கண் வைக்கும் பக்கத்தில் உள்ள வளையம்) உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். இது தெரியாமல் முதல் இரண்டு நாள் சாவித்துவாரம் அளவுதான் எனக்குத் தெரிந்தது.