டிஎஸ்பி கிராஸ்ஓவர்: போர்டு வாங்கும் முன் எதைப் பார்த்தீர்கள்?

ஆம்புக்கு முன்னாலேயே ஒலியை வூஃபர் (கீழ் ஒலி), மிட்ரேஞ்ச் (நடு ஒலி), ட்வீட்டர் (மேல் ஒலி) என்று டிஜிட்டலாகப் பிரித்துத் தருவதுதான் டிஎஸ்பி கிராஸ்ஓவர். சொந்தமாக ஆம்ப் கட்டுகிறவர்கள் டிஎஸ்பி பக்கம் வந்ததும் 96 கிலோஹெர்ட்ஸா 192-ஆ, 24 பிட்டா 32 பிட்டா என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த எண்களைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எத்தனை அவுட்புட், இன்புட் எவ்வளவு வோல்ட் தாங்கும், அவுட்புட் எவ்வளவு வோல்ட் தரும், இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். என் மூன்று வழி ஸ்பீக்கரில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வூஃபரையும் மிட்ரேஞ்சையும் 300 ஹெர்ட்ஸில் பிரிக்க வேண்டியிருந்தது. 8 ஓம் வூஃபருக்கு 12 டிபி லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டரை (ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், 12 டிபி சரியும் வகை) பேசிவாக, அதாவது ஆம்புக்குப் பின்னால் காயில், கபாசிட்டர் வைத்துப் போட்டால் காயில் மட்டும் 8.5 மில்லிஹென்றி வருகிறது. கோர் இல்லாமல் சுற்றினால் கம்பி நீண்டுகொண்டே போகும், அதன் ரெசிஸ்டன்ஸ் வூஃபர் மேல் ஆம்புக்கு உள்ள பிடியைத் தளர்த்திவிடும். இரும்பு கோர் வைத்தால் சத்தம் ஏறும்போது அது சாச்சுரேட் ஆகும், அதாவது காந்தம் நிறைந்துபோய் ஒலி சிதையும். போதாததற்கு, வூஃபரின் இம்பிடன்ஸ் 8 ஓமிலேயே நிற்பதில்லை. ரெசனன்ஸ் பக்கம் பல மடங்கு ஏறிவிடும், அதனால் காகிதத்தில் போட்ட கணக்கு ஒன்று, ஃபில்டர் நடந்துகொள்வது வேறொன்று. ஆம்புக்கு முன்னாலேயே சிக்னலைப் பிரித்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

டிஎஸ்பி போர்டுகளில் வரும் ஏடிஏயு1701 சிப்பில் 2 இன்புட், 4 அவுட்புட். ஸ்டீரியோ மூன்று வழிக்கு 6 வேண்டும். ஏடிஏயு1452 சிப்போடு தனி டிஏசி-கள் (டிஜிட்டலை அனலாகாக மாற்றும் சிப்கள்) வைப்பது ஒரு வழி. நான் ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்று என்று இரண்டு 1701 போர்டுகள் வைத்தேன். கிளாக் (டிஜிட்டல் வேலைக்குத் தாளம் போடுவது) இரண்டும் தனித்தனி ஆயிற்றே என்று சிலர் பயமுறுத்தினார்கள். ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா எதுவும் போவதில்லை, இரண்டும் அனலாகை வாங்கி அனலாகைத் தருகின்றன. பிரச்சினை எதுவும் வரவில்லை.

வோல்டேஜ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்தச் சிப்பின் இன்புட் உண்மையில் கரண்ட் இன்புட். 100 மைக்ரோ ஆம்பியர் வந்தால் முழு அளவு. உள்ளே 2 கிலோ ஓம் இருக்கிறது, வெளியே 18 கிலோ ஓம் வைத்தால் மொத்தம் 20, அதாவது 2 வோல்ட் வரை தாங்கும். நான் வாங்கிய போர்டில் 18 இருக்க வேண்டிய இடத்தில் 8.2 இருந்தது. அதோடு 2 வோல்ட் தரும் சிடி பிளேயரை இணைத்தால் 1 வோல்ட்டிலேயே கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும். விற்றவருடைய விளக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. போர்டு கைக்கு வந்ததும் லென்ஸ் வைத்து அந்த ரெசிஸ்டரைப் பார்த்துவிடுங்கள்.

அவுட்புட் 0.9 வோல்ட். எல்எம்3886 சிப் ஆம்பை 20 மடங்கு கெயினில் (பெருக்கத்தில்) கட்டினால் 18 வோல்ட், 8 ஓமில் 40 வாட். வூஃபருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் அதே கெயின் ட்வீட்டருக்குப் போனால் "ஸ்ஸ்ஸ்" என்று இரைச்சல் கேட்கும். ஒரே அளவு சிக்னலுக்கு ட்வீட்டர் 95 டிபி சத்தம் தரும், வூஃபர் 87 தரும் என்றால் பலரும் சாஃப்ட்வேரில் ட்வீட்டரை 8 டிபி இறக்குவார்கள். இறங்குவது பாட்டு மட்டும்தான், டிஏசி-யின் இரைச்சல் அப்படியே இருக்கும். அதனால் ட்வீட்டர் ஆம்பின் இன்புட்டில் 4.7 கிலோ ஓம் தொடராக, 2.2 கிலோ ஓம் கிரவுண்டுக்கு வையுங்கள். பாட்டும் இரைச்சலும் சேர்ந்து சுமார் 10 டிபி இறங்கும், மிச்ச 2 டிபி-யைச் சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டே ரெசிஸ்டர், ஆனால் ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால்தான் இரைச்சல் கேட்கிறது.

அப்புறம் அளவெடுப்பது. காலிப்ரேஷன் ஃபைலோடு (மைக்கின் பிழையைத் திருத்தும் ஃபைல்) வரும் மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவெடுக்கும் சாஃப்ட்வேரும் போதும். சாஃப்ட்வேரில் 24 டிபி லிங்க்விட்ஸ்-ரைலி என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் அறையில் அது வந்துவிடாது. ட்வீட்டருக்கே இயல்பாக ஒரு சரிவு இருக்கிறது, அதுவும் ஃபில்டரும் சேர்ந்துதான் 24 ஆக வேண்டும். இந்த ஃபில்டருக்குப் பெயர் தந்த லிங்க்விட்ஸும் ரைலியும் 1976-ல் சொன்னது சேர்ந்து வரும் ஒலியைப் பற்றித்தான். மிட்டும் ட்வீட்டரும் முன்பின்னாக 3 செ.மீ. தள்ளியிருந்தால், அவற்றைப் பிரிக்கும் 2500 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 79 டிகிரி ஃபேஸ் (அலை விலகல்). முன்னால் இருப்பதற்கு 0.087 மில்லிசெகண்ட் டிலே கொடுத்தால் சரியாகும். சரியாகிவிட்டதா என்று பார்க்க ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றிப்போட்டு அளந்து பாருங்கள். கிராஸ்ஓவர் இடத்தில் ஆழமான பள்ளம் விழ வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு சரியாகப் பொருந்தியிருக்கிறது.

மறுமொழி:

சார், நான் போர்டு பக்கமே போகவில்லை. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் கமிலாடிஎஸ்பி சாஃப்ட்வேர், அதோடு 8 அவுட்புட் உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். எல்லா அமைப்பும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் இருப்பதால் ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டுப் பழையதற்குத் திரும்புவது சுலபம். ஃபேஸ் நேராக வரட்டும், அதாவது எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே தாமதம் இருக்கட்டும் என்று எஃப்ஐஆர் வகை ஃபில்டர் போட்டேன். 300 ஹெர்ட்ஸுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் டேப் (ஃபில்டர் கணக்கில் வரும் எண்கள்) நிறைய வேண்டும். 16384 டேப், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் தாமதம் மட்டும் 171 மில்லிசெகண்ட். பாட்டுக்குப் பரவாயில்லை. படம் பார்க்கும்போது உதட்டசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். அதனால் டிவிக்குத் தாமதம் குறைந்த ஐஐஆர் ஃபில்டர், பாட்டுக்கு எஃப்ஐஆர் என்று இரண்டு ஃபைல் வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், கண்ணை மூடிக் கேட்டால் இரண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டிலேயும் லெவலும் சரியாக அமைந்தபோது தெரிந்த வித்தியாசம்தான் பெரியது.

ஒரு எச்சரிக்கை. பையில் வேறு ஏதாவது புரோகிராம் கமிலாவைத் தாண்டி நேராக இன்டர்ஃபேஸுக்குச் சத்தம் அனுப்பினால், ட்வீட்டருக்கு பேஸும் சேர்ந்து போகும். அந்த வழியை முதலிலேயே அடைத்துவிடுங்கள்.

மறுமொழி:

அண்ணா சொன்ன எச்சரிக்கை ரொம்ப முக்கியம். என் கிளாஸ் டி ஆம்ப் ஆன் செய்தாலே "டப்" என்று அடிக்கும். ட்வீட்டரோடு தொடராக 33 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கபாசிட்டர் போட்ட பிறகுதான் நிம்மதி. 8 ஓமுக்கு அது தடுக்கத் தொடங்குவது 600 ஹெர்ட்ஸ், கிராஸ்ஓவருக்கு இரண்டு ஆக்டேவ் கீழே. "ஆக்டிவ் சிஸ்டத்தில் (ஆம்புக்கு முன்னாலேயே பிரிப்பதில்) கபாசிட்டரா?" என்று கேட்பார்கள். டிசி (நேர் மின்சாரம்) வந்தாலும் ட்வீட்டர் பிழைக்கும், எனக்கு அதுதான் வேண்டும்.

மறுமொழி:

நானும் போட்டிருக்கிறேன் தம்பி. அதைப் போட்ட பிறகுதான் அளவெடுக்க வேண்டும், 2500 ஹெர்ட்ஸில் அது இன்னும் சுமார் 14 டிகிரி ஃபேஸைத் திருப்பும். முதலில் அளந்துவிட்டு அப்புறம் போட்டால் டிலே கணக்கு தப்பிவிடும். அந்த "டப்" சத்தத்துக்கு ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கரைத் தாமதமாக இணைக்கும் சுவிட்ச்) வைத்துப் பாருங்கள். முதலில் டிஎஸ்பி, அடுத்து ஆம்ப், சில நொடி கழித்து ரிலே. அணைக்கும்போது ரிலேதான் முதலில் விட வேண்டும்.