1968 ஃபியட் பம்பருக்கு குரோம்: எந்தக் கடையில் கொடுப்பது?

மதுரை ஃபியட்:
அப்பா ஓட்டிய 1968 ஃபியட் 1100-ஐ மறுபடி ரோட்டில் இறக்கப் பார்க்கிறேன். டிங்கரிங், பெயின்ட் முடிந்தது. பாக்கி குரோம் முலாம் மட்டும்தான்: ரெண்டு பம்பர், நாலு கதவுக் கைப்பிடி. ஒரு கடைக்காரர் ரெண்டே நாளில் கண்ணாடி மாதிரி தருகிறேன் என்கிறார். இன்னொருவர் மூன்று வாரம் கேட்கிறார், கூலியும் இரட்டிப்பு. யாரிடம் கொடுக்கலாம்?

பழைய இரும்பு:
தம்பி, ரெண்டு நாள்காரரிடம் சூடுபட்டவன் நான். என் அம்பாசடர் பம்பர் வந்த அன்று அதில் முகம் பார்த்துச் சவரமே செய்யலாம். கார்த்திகை மழை விட்டதும் பழுப்புப் புள்ளி. நகத்தால் நெம்பினேன், செதில் செதிலாக வந்தது. கேட்கப் போனால், 'உங்க ஊர் தண்ணி உப்பு சார்' என்றார்!

குரோம் வெறும் மேல்தோல், அரை மைக்ரான் இருந்தாலே அதிகம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). துருவைத் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல். அது 20, 30 மைக்ரான் ஏறவேண்டும். அதற்கும் அடியில் செம்பு. துரு தின்ற குழிகளை நிரப்புவது அதுதான். செம்பு ஏற்றி, பஃப் அடித்து (தேய்த்து மெருகேற்றி), குழி தெரிந்தால் திரும்ப ஏற்றவேண்டும். மூன்று வாரம் அங்கேதான் போகிறது. 'செம்பு ஏறியதும் சொல்லுங்க, வந்து பார்க்கிறேன்' என்று கேள். மழுப்பினால் பம்பரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. செம்பில் தெரிகிற கீறல் குரோமிலும் தெரியும்.

அப்புறம், பம்பரின் உள்பக்கம் குரோம் சரியாக ஏறாது. வந்ததும் பிரைமர், பெயின்ட் அடித்துவிடு.

கைப்பிடி போச்சு:
கைப்பிடிகளைப் பம்பரோடு ஒரே சாக்கில் கட்டிக் கொடுக்காதீர்கள். காந்தம் ஒட்டாமல், தேய்ந்த இடத்தில் மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் அது மசாக், துத்தநாகக் கலவை. இரும்பு மாதிரி ஆசிடில் போட்டால் அரித்துவிடும். என்னுடையது ஒன்று சல்லடையாகத் திரும்பி வந்தது. மசாக் வேலை பழக்கமா என்று கேட்டுவிட்டு, போட்டோ எடுத்து, எண்ணிக் கொடுங்கள்.

மதுரை ஃபியட்:
நன்றி அண்ணா. காந்தம் வைத்துப் பார்த்தேன், நாலிலும் ஒட்டவில்லை. மூன்று வாரக்காரருக்கு போன் போட்டேன். 'செம்பு ஆனதும் வாங்க, மசாக்குக்கு மட்டும் நாலு நாள் கூட ஆகும்' என்றார். கொடுத்துவிடுகிறேன். பம்பரை டவுன் பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா?

பழைய இரும்பு:
பழைய போர்வையில் சுற்றி, கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளு. கண்டக்டர் கேட்டால் லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொள்.