அவசரம்: ஆபீஸ் மெயில் போகவில்லை

திருப்பூர் கணக்கு:
வணக்கம். காலையிலிருந்து ஆபீஸ் மெயில் போகவும் இல்லை, வரவும் இல்லை. நாங்கள் எதையும் மாற்றவில்லை. பையருக்கு மாலைக்குள் இன்வாய்ஸ் போகணும். ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. யாராவது சொல்லுங்க.

செல்வி நெட்:
எந்த விண்டோஸ்? எந்த அவுட்லுக்? ஜிமெயிலா, சொந்த டொமைனா? திரையில் என்ன வருகிறது?

கேபிள் பாபு:
ஆன்டிவைரஸ் வேலைதான். எடுத்துவிட்டுப் பாருங்கள்.

செல்வி நெட்:
ஐயோ, எடுக்காதீர்கள். அதே மெயில் போனில் வருகிறதா?

திருப்பூர் கணக்கு:
விண்டோஸ் 7தான் சார். ஆபீஸ் 2010. சொந்த டொமைன். போனில் வருகிறது. என்கிரிப்ஷன் டைப்பை சர்வர் சப்போர்ட் பண்ணவில்லை என்று ஏதோ காட்டுகிறது.

மூத்த உறுப்பினர்:
"விண்டோஸ் 7தான்"! அதற்கான சப்போர்ட் 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது. ஆபீஸ் 2010க்கு அதே வருடம் அக்டோபரில். குரோம் பிரவுசர்கூட 109ஆம் வெர்ஷனோடு நின்றிருக்குமே, கண்ணில் படவில்லையா? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வரணும்.

செல்வி நெட்:
போனில் வந்தால் பாஸ்வேர்டு சரி. மெயிலை என்கிரிப்ட் பண்ணி அனுப்பும் முறைதான் டிஎல்எஸ். உங்கள் சர்வர் அதன் பழைய 1.0, 1.1 இரண்டையும் நிறுத்தியிருக்கும். விண்டோஸ் 7க்கு 1.2 தெரியும், ஆனால் தானாக எடுக்காது. சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மைக்ரோசாப்ட் தளத்தில் கேபி 3140245 அப்டேட், அந்தப் பக்கத்திலேயே சொல்லியிருக்கும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் செட்டிங்) மாற்றம், ரீஸ்டார்ட். ரெஜிஸ்ட்ரியை விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. இன்வாய்ஸை இப்போதைக்குப் போனிலிருந்தே அனுப்பிவிடுங்கள். இதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான், சிஸ்டத்தை மாற்றியே ஆகணும்.

கேபிள் பாபு:
ஓடுகிற சிஸ்டத்தை ஏன் மாற்றணும்? நல்ல ஆன்டிவைரஸ் போதும்.

மூத்த உறுப்பினர்:
2017 மே, வான்னாக்ரை வைரஸ், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டதே. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதாவது பேட்ச், மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்ட சிஸ்டங்கள் மாட்டின, பெரும்பாலும் விண்டோஸ் 7. இப்போது விண்டோஸ் 7க்குப் புதுப் பேட்சே கிடையாது. ஒரு சிஸ்டம் விழுந்தால் ஷேர் போட்ட டேலி கணக்கு ஃபோல்டரும் சேர்ந்து போகும்.

பென்குயின்:
லினக்ஸ், லிப்ரே ஆபீஸ். செலவே இல்லை.

கோவை பிரிண்டர்:
டேலி விண்டோஸ் மென்பொருள். லினக்ஸில் அதை வைன் என்ற இடைமென்பொருள் வைத்தா ஓட்டுவது? 10ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போடும்போது முரண்டு பிடித்தால் நீங்கள் வருவீர்களா?

பென்குயின்:
வருவேன். டீ வாங்கித் தரணும்.

கேபிள் பாபு:
மாற்றித்தான் ஆகணும் என்றால் அதே மிஷினில் விண்டோஸ் 10 போடலாமே.

மூத்த உறுப்பினர்:
அதுவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தாச்சு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் 8ஆம் தலைமுறையாவது இருக்கணும். மிஷினே புதிது வாங்கணும்.

கோவை பிரிண்டர்:
வாங்கலாம். எங்களுக்குப் பயமே டெலிவரி சலான்தான், மூன்று காப்பி கார்பன், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அதற்கான 25 பின் போர்ட் புது மிஷினில் இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று போட்டோம், ஓடுகிறது. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த கடிதம் இருந்தால் ஃபான்ட் ஃபைலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறந்தால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்தாகக் கொட்டும்.

பென்குயின்:
இன்னுமா பாமினி? எந்த சிஸ்டத்திலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு என்று ஒன்று இருக்கிறது.

கோவை பிரிண்டர்:
எங்கள் லேபிள் டிசைனரிடம் சொல்லிப் பாருங்கள்.

மூத்த உறுப்பினர்:
ஃபான்ட் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது.

திருப்பூர் கணக்கு:
மெயில் போயிடுச்சு. ரெஜிஸ்ட்ரிதான். நன்றி மேடம். புது சிஸ்டத்துக்கு முதலாளி தீபாவளி கழியட்டும் என்கிறார்.

செல்வி நெட்:
அதுவரை டேலி டேட்டாவைத் தினமும் வெளி டிஸ்கில் எடுத்துக் கழற்றி வையுங்கள். சொருகியே இருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். ஆபீஸில் இன்னும் எத்தனை விண்டோஸ் 7 இருக்கிறது?