பழைய ஆயில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை நீர்மூழ்கி மோட்டாருக்கு மாட்டலாமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):
பில்டர் பாயின்ட்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) இதுவரை 7.5 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக, தரைமேல் இருப்பது), ஆயில் ஊற்றிய கைப்பிடி ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். இப்போ 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் இறக்கியாச்சு. பெயர்த்தகட்டில் 415 வோல்ட், 8.5 ஆம்பியர். வெளியே மூன்று வயர்தான் வருது. பழைய ஓவர்லோட் ரிலே (கரன்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துவது) ஸ்கேல் 6–10 ஆம்பியர், முள் 6.5-ல் நிற்குது. குறுவை நாற்றங்காலுக்குள் ஓட்டணும். மெக்கானிக் "அதிலேயே மாட்டிடலாம்" என்கிறார். சரியா? மெயின் சுவிட்ச், மீட்டர்களையாவது வச்சுக்கலாமா?

பம்ப்செட் வயரிங், மன்னார்குடி:
ஸ்டார்ட்டர் வேண்டாங்க. ஸ்டார்-டெல்டா என்பது குறைந்த வோல்ட்டேஜில் தொடங்கி, கைப்பிடி மாறினதும் முழு வோல்ட்டேஜ் கொடுப்பது; அதுக்கு வைண்டிங்கின் ஆறு முனையும் வெளியே வரணும். உங்களுக்கு மூன்றுதான், இணைப்பு மோட்டாருக்குள்ளேயே முடிஞ்சிருக்கு. ஆறு டெர்மினலில் மூன்றில் மட்டும் மாட்டினாலும் மோட்டார் ஓடும். ஆனா தொடக்கத்திலேயே முழு வோல்ட்டேஜ் போகும். கைப்பிடி மாறும்போது ஒரு கணம் அறுந்து, மறுபடி முழு வேகத்தில் பாயும். ஒரே ஸ்டார்ட்டில் மோட்டாருக்கு ரெண்டு உதை.

ரிலேயைக் கவனியுங்க. 6.5 என்பது பழைய மோட்டாரின் கணக்கு. இந்த ஸ்டார்ட்டர்களில் ரிலே பெரும்பாலும் வைண்டிங் வழியில் இருக்கும். லைன் கரன்ட் 11.2 ஆம்பியர் என்றால் டெல்டாவில் வைண்டிங்குக்குப் போவது அதில் 58 சதவீதம், 6.5. புது மோட்டாரை மூன்று வயரில் மாட்டினால் 8.5 ஆம்பியர் முழுசும் அதில் ஓடும், ட்ரிப் அடிக்கும். "ரிலே தொந்தரவு பண்ணுது" என்று முள்ளை 10-க்குத் திருப்பிடுவாங்க. அப்புறம் 12 ஆம்பியர் வரைக்கும் ட்ரிப் ஆகாமல் போகலாம். வைண்டிங் கருகுவது அங்கேதான்.

டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (லைனை மோட்டாருக்கு நேரடியா கொடுப்பது) போடுங்க. கான்டாக்டர் (காயிலில் கரன்ட் போனால் உள்ளே இழுத்து லைனைச் சேர்க்கும் சுவிட்ச்) ஏ.சி.-3 என்ற மோட்டார் வகையில் 16 அல்லது 18 ஆம்பியர், காயில் 415 வோல்ட். 12 ஆம்பியரே கணக்குக்குப் போதும், ஆனா லைனின் கடைமடையில் வோல்ட்டேஜ் இறங்கும்போது கரன்ட் ஏறும். ரிலே கிளாஸ் 10, அதாவது செட்டிங்கைப் போல 7.2 மடங்கு கரன்ட்டில் 10 விநாடிக்குள் ட்ரிப் ஆகணும். நீர்மூழ்கி வைண்டிங் சீக்கிரம் சூடேறும், மோனோபிளாக்கின் மெதுவான ரிலே அதுக்கு ஆகாது. முள்ளை 8.5-ல் வையுங்க, மேலே வேண்டாம். சிங்கிள் பேஸ் தடுப்பானும் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) கட்டாயம்: ஒரு பேஸ் போனாலும் காயில் மற்ற இரண்டில் இருந்தால் ஸ்டார்ட்டர் விழாது, மீதி ரெண்டு வயரில் 1.73 மடங்கு வரை கரன்ட் ஏறும்.

திருவாரூர் எலக்ட்ரீஷியன்:
மெயின் சுவிட்சை வச்சுக்கலாம், ஃப்யூஸ் கேரியரைக் கவ்வும் தாடையில் நீலம் பாய்ஞ்சிருக்கா பாருங்க. பாய்ஞ்சிருந்தா ஸ்பிரிங் தளர்ந்து சூடேறியிருக்கு; தூக்கிப் போடுங்க. வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர் சரியா காட்டினா போதும்.

கை வைக்கும் முன்னால் மெயினை இறக்கி, மூன்று கேரியரையும் உருவி சட்டைப்பையில் போட்டுக்குங்க. டெஸ்ட் லாம்ப் வச்சுப் பார்க்கிறதானால் இரண்டு பல்பை சீரியஸில் கட்டுங்க, பேஸுக்கும் பேஸுக்கும் 415 வோல்ட் இருக்கு. டூ பேஸ் கண்டென்சர் (இரண்டு பேஸ் மட்டும் வரும்போது மோட்டாரை ஓட்ட மாட்டுவது) ஏற்கனவே தொங்கினால் அது கரன்ட் போன பிறகும் அடிக்கும். ரெசிஸ்டர் அல்லது பல்பு வழியா டிஸ்சார்ஜ் பண்ணி, புது மோட்டாருக்குக் கழற்றிடுங்க.

மோட்டார் வயரைப் பிரிச்சு, 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) ஒவ்வொரு வயரையும் எர்த்தோடு பாருங்க. 1 மெகோமுக்குக் கீழே வந்தால் ஓட்டவே கூடாது. புதுசு இதைவிடப் பல மடங்கு காட்டணும். மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் எர்த் தனித்தனியா இரண்டு, 8 கேஜ் ஜி.ஐ. கம்பி.

பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீங்க. மூட்டு வலிக்குத் தடவுற பழக்கமும் கூடாது.

உப்பளம் பக்கம் (வேதாரண்யம்):
கஜாவில் (2018) மூழ்கிய ஸ்டார்ட்டர்கள் இன்னும் இங்கே விலைக்கு வருது. காய வச்சு துடைச்சா போதுமா?

திருவாரூர் எலக்ட்ரீஷியன்:
கான்டாக்டரும் ரிலேயும் ஆகவே ஆகாது. ரிலேக்குள் சூட்டில் வளைந்து ட்ரிப் அடிக்கும் பைமெட்டல் பட்டையில் சேறும் உப்பும் ஒட்டினால் ட்ரிப் ஆகுற இடமே மாறிடும். வெள்ளி முனை கறுத்திருக்கிறது பரவாயில்லை, அரம் போட்டுத் தேய்க்காதீங்க; முனை கரைஞ்சு அடி உலோகம் தெரிஞ்சா கான்டாக்டை மாத்தணும்.

பம்ப்செட் வயரிங், மன்னார்குடி:
நீடாமங்கலம் நண்பருக்கு இன்னொன்று. மாட்டி முடிச்சதும் சிங்கிள் பேஸ் தடுப்பானைச் சோதிங்க: மெயினை இறக்கி ஒரு கேரியரை எடுத்துட்டு, மெயினைப் போட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்க. கான்டாக்டர் உள்ளே போகக் கூடாது. உறுமினா உடனே நிறுத்துங்க. மூன்று கேரியரையும் ஒவ்வொண்ணா இப்படிப் பாருங்க.

வெண்ணாற்றங்கரை:
நன்றி அண்ணே. ஷெட்டிலிருந்து மோட்டார் வரை 60 மீட்டர், 4 ச.மி.மீ. காப்பர் கேபிள் போதுமா?

பம்ப்செட் வயரிங், மன்னார்குடி:
தாராளமா. 8.5 ஆம்பியருக்கு 4 வோல்ட்தான் விழும். போருக்குள் போடும் ஜாயின்ட் மட்டும் தண்ணீர் புகாதபடி இருக்கணும். மூன்று கோரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் ஏற்ற இறக்கமா வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியா டேப் சுத்துங்க.