மருந்து கொடுத்தும் பாஸ்போ-எர்க் கூடுகிறது: பிளாட்டில் பிழையா?

கேள்வி:
ஹெச்சிடி-116 குடல் புற்றுச் செல்களுக்கு வெமுராஃபெனிப் 1 மைக்ரோமோலார், 2 மணி நேரம் கொடுத்தேன். ராஸ், ராஃப், மெக், எர்க் என்று போகும் வளர்ச்சிச் சைகைத் தொடரில் பி-ராஃபைத் தடுக்கும் மருந்தாயிற்றே, கடைசியிலுள்ள எர்க்கில் பாஸ்பேட் (அது இயங்குவதன் அடையாளம்) குறைய வேண்டும். ஆனால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுப்படி பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) பாஸ்பேட் ஏறிய எர்க்கின் 42, 44 கிலோடால்டன் பட்டைகள் கன்ட்ரோலைவிடத் தடித்திருக்கின்றன. மொத்த எர்க் மாறவில்லை. பின்னணியும் கறுப்பு. பிளாக் செய்தது (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மறைத்தது) 5% பால் பவுடரில். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் (புரதச் சிதைவுத் தடுப்பான்) மட்டுமே. எங்கே தவறு?

பதில் 1:
பட்டை தடித்ததை நம்பலாம். இந்தச் செல்லில் பி-ராஃப் இயல்பானது. மாறியிருப்பது கே-ராஸ் (ஜி13டி என்ற மரபணு மாற்றம்). ராஸ் ஓயாமல் தூண்டுவதால் ராஃப் இரண்டிரண்டாகச் சேர்கிறது. மருந்து ஜோடியில் ஒன்றின்மேல் உட்கார்ந்ததும், மருந்து ஏறாத மற்றொன்று முடுக்கப்படுகிறது. அது மெக்கின் செரின் 217, 221-இல் பாஸ்பேட் ஏற்றும். மெக் எர்க்கின் த்ரியோனின் 202, டைரோசின் 204-இல் ஏற்றும். வி600இ மாற்றமுள்ள பி-ராஃப் தனித்தே இயங்கும், அதனால் அங்கே மருந்து நேராக அணைத்துவிடுகிறது. இந்த முரண் 2010-இலேயே விளக்கப்பட்டது. இம்மருந்து எடுக்கும் சிலருக்குத் தோலில் புதுக் கட்டிகள் வருவதற்கும் இதுவே காரணம், ஆகவே சாதாரணமாகக் கடந்துபோகாதீர்கள்.

வி600இ உள்ள ஏ375 மெலனோமா (தோல் புற்று) செல்லைப் பக்கத்திலேயே ஓட்டுங்கள்: 0, 0.1, 1, 10 மைக்ரோமோலார். கூடவே தட்டின் ஒரு குழியில் மெக்கைத் தடுக்கும் டிராமெடினிப் 10 நானோமோலார். அதிலும் பட்டை மங்காவிட்டால் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள்.

பதில் 2:
கறுப்புப் பின்னணிக்குப் பாலே காரணமாக இருக்கலாம். கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம்தான். டிபிஎஸ்-ட்வீனில் 5% பிஎஸ்ஏ-வுக்கு (மாட்டு ரத்த ஆல்புமின்) மாறுங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை பஃபரில். செல் உடைந்த கணமே பாஸ்படேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கும். அவற்றைத் தடுக்க சோடியம் ஃபுளோரைடு 10 மில்லிமோலார், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10, ஆர்த்தோவனடேட் 1 சேருங்கள். வனடேட்டை பிஹெச் 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் மறையும்வரை கொதிக்கவைத்து, ஆறியபின் பிஹெச்சை மறுபடி சரிபார்க்க வேண்டும். நிறம் திரும்பினால் இன்னொரு சுற்று. இடிடிஏ, டிடிடி இருந்தால் வனடேட் வீணாகும். செல்லைத் தட்டிலிருந்து எடுக்க டிரிப்சின் நொதி வேண்டாம், பனிக்கட்டிமேல் வைத்துச் சுரண்டுங்கள், ஒரு நேரத்தில் ஒரு தட்டு.

கேட்டவர்:
நன்றி. ஹெச்டி-29 குடல் புற்றுச் செல்லில் வி600இ இருக்கிறதே, அதில் 24 மணி நேரத்தில் பட்டை திரும்பி வருமா?

பதில் 1:
வரும். எர்க் அணைந்தால் அதன் தடைகளான டஸ்ப்6, ஸ்ப்ரவுட்டி குறையும். இஜிஎஃப்ஆர் என்ற செல்பரப்பு ஏற்பி வழியே ராஸ் மறுபடி எழும். குடல் செல்களில் அந்த ஏற்பி நிறைய, மெலனோமாவில் குறைவு. எங்கோரஃபெனிபோடு (இன்னொரு பி-ராஃப் தடுப்பான்) இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் செடுக்சிமாப் சேர்க்கப்படுவது இதனால்தான். 2, 8, 24 மணியில் மாதிரி எடுங்கள். 2 மணி பிளாட் மட்டும் இருந்தால் மருந்து வென்றுவிட்டதாகத் தோன்றும்.