வேதாகமப் பகுதியை எடுத்தாலே வகுப்பு கப்சிப்

ஊழியத்துக்காக வெளிநாடு வந்து ஐந்து மாதமாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். 14 பேர், ஏ2 நிலை (அடிப்படை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்). முதல் அரை மணிநேரம் கலகலப்பாகப் பேசுகிறார்கள். அப்புறம் வேதாகமப் பகுதியை எடுத்ததும் வாயே திறப்பதில்லை. இப்போது 6 பேர்தான் மிச்சம்.

முதலில் 1611-ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை வைத்தது என் தப்பு. ஒருவர் வேலை விண்ணப்பத்தில் 'தவ்' (thou, 'நீ' என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல்) என்றே எழுதிவிட்டார்! எளிய ஆங்கிலத்தில் உள்ள குட் நியூஸ் பதிப்புக்கு மாறினேன். நல்ல சமாரியன் கதையை நடிக்க வைத்தேன், இருவர் இருவராகப் பேசவிட்டேன். பலனில்லை. வேதாகமம் உண்டு என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுகிறேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. என்னிடம் இருப்பது 120 மணிநேர டெஃபல் (ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பித்தல்) சான்றிதழ், அதுவும் இணையவழி. வகுப்பறைப் பயிற்சி கிடையாது.

இதே பணியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: வேதாகமத்தை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் தனி வகுப்பாகப் பிரித்தால், நின்றுபோனவர்கள் திரும்ப வருவார்களா?