கொழும்பில் இருந்து கடல் முள்ளந்தண்டிலி ஆய்வு, கடற்றொழில் கணக்கெடுப்பு வேலைகளுக்கு எப்படித் தயாராகலாம்?

நீலக்கரை:
வணக்கம். விலங்கியலில் விசேட பட்டம் முடிச்சிட்டு வெள்ளவத்தையில இருக்கிறன். கடலட்டை, நண்டு, சங்கு மாதிரி முள்ளந்தண்டிலிகளில வேலை செய்யத்தான் விருப்பம். நாரா எண்டுற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவர் நிலையத்தில வெற்றிடம் வரும்வரைக்கும் சும்மா இருக்காமல் என்ன பழகலாம்? சுழியோடத் தெரியாட்டி இந்தத் துறைக்குள்ள வர ஏலாதா? ஆய்வுகூடத்தில மாதிரி பாதுகாக்கிற முறை பற்றி ஆளுக்கொரு கதை சொல்லுகினம். ஒருத்தர் ஃபோர்மலின் எண்டுறார், இன்னொருத்தர் எதனோல் எண்டுறார். விபரம் தெரிஞ்ச அண்ணாமார் அக்காமார் சொல்லுங்கோ.

சிப்பிக்கரை:
தங்கச்சி, சுழியோடல் கட்டாயம் இல்லை. கணக்கெடுப்பு வேலையின் பெரும்பகுதி கரையில்தான் நடக்கிறது. விடியப் படகு வரும் நேரத்துக்கு இறங்குதுறையில் நிற்கவும், சம்மாட்டியோடும் (படகுச் சொந்தக்காரர்) தொழிலாளிகளோடும் மரியாதையாகக் கதைக்கவும், மீன் கைமாற முன் அளந்து முடிக்கவும் தெரிந்தவருக்குத்தான் தேவை அதிகம். சிங்களம் கதைக்க வராவிட்டால் இப்போதே பழகுங்கள். நீர்கொழும்பு, பேருவளைப் பக்கம் அது இல்லாமல் சரிவராது.

நாரா, காக்கைதீவில் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் நிரந்தரப் பதவி எப்போதாவதுதான் வரும். அதற்கு முன்னால் வருவது திட்ட உதவியாளர் வேலைகள். பல்கலைக்கழகத் திணைக்களங்களின் ஆராய்ச்சி உதவியாளர் இடங்கள், சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யும் தனியார் ஆலோசனை நிறுவனங்கள், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள கடலட்டைப் பண்ணைகள், குஞ்சு பொரிப்பகங்கள், எல்லாவற்றையும் பாருங்கள். கடற்றொழில் நீரியல் வளத் திணைக்கள வெற்றிடங்களுக்கு வர்த்தமானியைத் தவறாமல் பார்க்க வேணும்.

இனி, இறங்குதுறையில் எங்கே பிழைக்கிறது என்று சொல்கிறேன். வியாபாரி தரம் பிரித்த பிறகு மாதிரி எடுத்தால் அந்தத் தரவு வீண். பெரிய நண்டு ஒரு கூடைக்கும் சின்னது இன்னொன்றுக்கும் போன பிறகு ஒரு கூடையை மட்டும் அளந்துவிட்டு, பிடிபட்ட நண்டின் சராசரி இதுதான் என்று எழுதக் கூடாது. வலையில் இருந்து கழற்றியதும் கலந்து கிடக்கும்போதே எடுக்க வேணும். நேரம் போய்விட்டால் ஒவ்வொரு தரத்திலும் தனித்தனியாக எடுத்து, அந்தத் தரத்தின் முழு நிறையையும் குறியுங்கள். ஒரு படகு 42 கிலோ கொண்டுவந்து நீங்கள் 6 கிலோ அளந்தால் பெருக்கும் காரணி 7. மொத்த நிறையைக் கேட்டு எழுத மறந்தால் நீங்கள் அளந்த நூறு நண்டும் அந்தரத்தில் தொங்கும். வலையின் நீளம், கண்ணளவு, கடலில் கிடந்த மணித்தியாலம் மூன்றும் அதே தாளில் இருக்க வேணும், இல்லாவிட்டால் முயற்சி அலகுக்கான பிடியை, அதாவது இவ்வளவு வலை இவ்வளவு நேரம் கிடந்து எவ்வளவு பிடித்தது என்பதைக் கணிக்க வழியில்லை. ஒன்றும் பிடிபடாமல் வந்த படகையும் பூச்சியம் என்று பதியுங்கள். அதை விட்டால் பிடி இல்லாத காலத்திலும் கடல் செழிப்பாக இருப்பதுபோல் கணக்குக் காட்டும்.

நண்டுவலை:
மேலே சொன்னதோடு அளவெடுக்கிற விசயம் கொஞ்சம்.

நீலக்கால் நண்டுக்கு ஓட்டின் அகலம். இரண்டு பக்கமும் கடைசியாக நீட்டி நிற்கிற பெரிய முள்ளின் நுனிக்கு நுனி அளக்கிறவர்களும் இருக்கினம், அந்த முள்ளுக்கு முன்னால உள்ள பள்ளத்துக்குப் பள்ளம் அளக்கிறவர்களும் இருக்கினம். எதை எடுத்தாலும் தாளின் தலைப்பில எழுதுங்கோ, இரண்டையும் கலக்காதேங்கோ. முள் முறிஞ்சதென்டா அகலம் எழுதாமல் "முறிவு" என்டு மட்டும் போடுங்கோ, உத்தேசமா ஒரு இலக்கம் வேண்டாம்.

ஆண், பெண் பார்க்க நண்டைத் திருப்பி வயிற்று மடலைப் பாருங்கோ. ஒடுக்கமா இருந்தா ஆண். முக்கோணமா ஓட்டோட ஒட்டிக் கிடந்தா முதிராத பெண், அகன்டு வட்டமா இருந்தா முதிர்ந்த பெண். சினை வெளியில தெரிஞ்சா நிறத்தையும் எழுதுங்கோ: மஞ்சள் அல்லது செம்மஞ்சள் என்டா புதுசு, மண்ணிறம் நடுவில, கறுப்பு என்டா பொரிக்கக் கிட்ட. இந்த ஒரு நிரல் இருந்தாத்தான் எந்த மாசத்தில இனப்பெருக்கம் கூட என்டு பிறகு சொல்லலாம்.

இறாலுக்குக் கண்குழியின் பின் விளிம்பில இருந்து தலையோட்டின் முதுகுப்பக்கப் பின் விளிம்பு வரை, வேணியர் இடுக்கிமானியால. கணவாய்க்கு முதுகுப்பக்கப் போர்வை (தலைக்குப் பின்னால உள்ள உடற்பை) நீளம். கணவாயை இழுத்து வச்சு அளக்காதேங்கோ, ரப்பர் மாதிரி நீளும்.

இன்னொன்று. நீலக்கால் நண்டு போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்ட ஒரே பெயரில கிடந்ததை 2010-இல நாலு இனமாப் பிரிச்சாச்சு. வங்காள விரிகுடாப் பக்கத்தது போர்ட்டுனஸ் ரெட்டிகுலேட்டஸ். பழைய அறிக்கையில உள்ள பெயரை அப்படியே தூக்கி எழுதாமல், ஓட்டுப் புள்ளிக் கோலம் தெரியிற மாதிரி ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு படம் எடுத்து வையுங்கோ. பிறகு யாரும் சரிபார்க்கலாம்.

அட்டைமேசை:
எதனோலா ஃபோர்மலினா என்ற கேள்விக்கு என் பதில்: கடலட்டைக்கு எதனோல்தான்.

காரணம், கடலட்டையை இனம் பிரிப்பது தோலுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்குகளை வைத்து. ஃபோர்மலின் நாள் போக அமிலமாகும், அமிலம் கல்சியம் காபனேற்றைக் கரைக்கும். சில மாதத்தில் போத்தலுக்குள் அட்டை இருக்கும், அடையாளம் இருக்காது. மரபணு வேலைக்கும் அது உதவாது. (புழுக்களின் உடல் வடிவம் காக்க ஃபோர்மலின் நல்லது, ஆனால் போராக்ஸ் சேர்த்துச் சமப்படுத்தியது மட்டும்.)

உயிருள்ள அட்டையை நேரே எதனோலில் போட்டால் சுருண்டு குடலைக் கக்கிவிடும். முதலில் மயக்க வேணும். மக்னீசியம் குளோரைட்டின் ஆறு நீர் கொண்ட உப்பு 73 கிராமை ஒரு லீற்றர் நன்னீரில் கரைத்து, அதே அளவு கடல்நீர் கலந்து அதில் விடுங்கள். வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்பைத் தொட்டால் உள்ளே இழுக்காத நிலைதான் அளவு, கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டாம். பிறகு படம், நீளம், நிறை. உள்ளே உள்ள தண்ணீரை வடித்த பிறகு நிறுங்கள், இல்லாவிட்டால் ஒரே அட்டை இரு தடவை இரு நிறை காட்டும்.

மரபணுவுக்கு உடற்சுவரின் உட்பக்கத்தில் நீளவாட்டில் ஓடும் தசைப்பட்டியில் சிறு துண்டு வெட்டி 95 சதவீத எதனோலில் போடுங்கள். வெளித்தோலை எடுத்தால் அதன் வழுவழுப்பான சளிப்பொருள் பி.சி.ஆரை (மரபணுத் துண்டைப் பெருக்கும் முறை) தடுக்கும். முழு அட்டைக்கு 70 சதவீதம் போதும்: 95 சதவீத எதனோல் 737 மில்லிலீற்றரை எடுத்து, காய்ச்சி வடித்த நீர் விட்டு ஒரு லீற்றராக்குங்கள். அட்டையின் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், ஆகவே மறுநாள் எதனோலைக் கட்டாயம் மாற்றுங்கள். மணம் வந்து தோல் கரைந்துபோன போத்தல்களில் பாதிக்கு மேல் மாற்றாமல் விட்டதால்தான்.

துணுக்குப் பார்ப்பது வீட்டு மேசையிலும் பழகலாம், நுணுக்குக்காட்டி ஒன்று கிடைத்தால். முதுகுத்தோல், வயிற்றுப்பக்கக் குழாய்க்கால், உணர்கொம்பு மூன்றிலும் அரிசி அளவுத் துண்டு வேறு வேறாக எடுங்கள். எதனோலில் கிடந்த துண்டை முதலில் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், ஏனென்றால் எதனோலும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரோஃபோர்ம் உண்டாகும். பிறகு சாதாரண சலவைப் பிளீச் சில துளி. சதை கரைந்து வெண்தூள் அடியில் படிந்தவுடன் பிளீச்சை உறிஞ்சி எடுத்து, நாலைந்து தடவை காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். அலசாமல் உலரவிட்டால் உப்புப் பளிங்கை துணுக்கு என்று நினைத்துப் படம் வரைவீர்கள். பிளீச்சில் ஊறவிட்டு வேறு வேலைக்குப் போனால் துணுக்கின் ஓரமே அரிபடும்.

100 முதல் 400 மடங்கில் பாருங்கள். ஹோலோதூரியா ஸ்காப்ரா, அதாவது விலை உயர்ந்த வெள்ளை அட்டையில், நாலு தூணும் தட்டும் கொண்ட மேசை வடிவமும் முடிச்சு முடிச்சான பொத்தான் வடிவமும் இருக்கும். நூலட்டை என்கிற போஹாட்ஷியாவில் மேசையும் பொத்தானும் கிடையாது, ரோசா இதழ்போல் கிளைத்த துணுக்கும் மணியும்தான். அவித்து உலர்த்திய அட்டையிலும் இந்த வழி பிடிபடும். 2020 ஆகஸ்ட் 28 முதல் கறுப்பு, வெள்ளை முலை அட்டை இனங்கள் மூன்று சைட்டிஸ் எனும் அருகிவரும் உயிரின வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் (ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டியவை) இருப்பதால், ஏற்றுமதிச் சாக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவரின் கை நாட்டுக்கே தேவை. இதைப் பழகுங்கள் தங்கச்சி, செய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு.

நீலக்கரை:
மிகவும் நன்றி, இவ்வளவு விபரமா எங்கேயும் கிடைக்கேல்ல. கடலுக்கடியில எண்ணுறது எப்படி எண்டும் யாராவது சொல்லுவீங்களா? பழகுறதுக்கு நானே கொஞ்சம் எடுத்துவரலாமா?

சிப்பிக்கரை:
100 மீற்றர் நாடா விரித்து, பி.வி.சி. குழாயில் 2 மீற்றர் அகல டீ வடிவக் கோல் செய்து முன்னால் தள்ளியபடி நீந்தி, கோலுக்குள் அகப்படுவதை மட்டும் எண்ணுவார்கள். பரப்பு 200 சதுர மீற்றர். 7 அட்டை கண்டால் ஹெக்டேயருக்கு 350. ஓரத்தில் பாதி உள்ளே பாதி வெளியே கிடந்தால் இடப்பக்கத்ததைச் சேர், வலப்பக்கத்ததை விடு என்று முன்கூட்டியே முடிவெடுங்கள், நல்ல அட்டை கண்ட ஆசையில் எல்லாவற்றையும் சேர்க்கக் கூடாது. வெள்ளை அட்டை நாளின் ஒரு பகுதியை மணலுக்குள் புதைந்தே கழிக்கும். காலையில் எண்ணிய இடத்தையும் பின்னேரம் எண்ணிய இடத்தையும் ஒப்பிட்டால் கிடைப்பது நேர வித்தியாசம் மட்டும்தான். மேற்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் தண்ணீர் கலங்கும், திட்டத்தை நவம்பர்–ஏப்ரலுக்குள் போடுங்கள்.

எடுத்துவருவது பற்றி: கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோட கடற்றொழில் திணைக்கள அனுமதிப்பத்திரம் வேணும். கல்பிட்டிப் பார் ரீஃப், ஹிக்கடுவை மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேளாமல் ஒன்றும் தொடக்கூடாது. பவளத்தில் கை வைக்கவே வேண்டாம். பழக பேலியகொட மீன் சந்தையில் நண்டும் கணவாயும் விலைக்கு வாங்குங்கள், அளந்துவிட்டுச் சமைக்கலாம்.

அட்டைமேசை:
போத்தலின் வெளியே ஒட்டும் சிட்டை கழன்று விழும், குமிழ்ப்பேனா மை எதனோலில் கரைந்து போகும். பென்சிலால் தடித்த தாளில் எழுதி உள்ளே போடுங்கள்: இடம், திகதி, ஆழம், வலை அல்லது முறை, எடுத்தவர் பெயர். இனப்பெயருக்கு இன்னொரு சிட்டை. பெயர் மாறினாலும் முதல் சிட்டையை ஒருபோதும் எறியாதீர்கள்.